மூக்குக் கண்ணாடியைக் கழற்ற வைத்த ரஷிய டாக்டர்

மழைக்காலத்தில் மின்சார ரயிலைப் பிடிக்க ஓடுகிறவர்களில் மூக்குக் கண்ணாடி போட்டவர்கள் பாடுதான் திண்டாட்டம். நின்று துடைத்தால் வண்டி போய்விடும். துடைக்காவிட்டால் வழி தெரியாது. இந்தத் தொல்லையை ஆபரேஷன் மூலம் தீர்க்கலாம் என்று உலகை நம்ப வைத்தவர் டாக்டர் ஸ்வியாதொஸ்லாவ் பியோதரோவ்.

இவர் 1927-ல் உக்ரைனில் பிறந்தவர். தந்தை ராணுவ அதிகாரி. ஸ்டாலின் காலத்தில், 1938-ல், தந்தையைக் கைது செய்து சிறை முகாமுக்கு அனுப்பிவிட்டார்கள்.

விமானம் ஓட்ட வேண்டும் என்பது மகனின் ஆசை. அதற்கான பள்ளியிலும் சேர்ந்தார். 1945-ல் டிராம் வண்டியை ஓடிப் பிடிக்கப் போய் விழுந்தார். ஒரு பாதம் போயிற்று. விமானக் கனவும் அதோடு போயிற்று. அவர் மனம் தளரவில்லை. ரஸ்தோவ் நகரில் படித்து 1952-ல் டாக்டரானார்.

வேலை பறிபோனது

1960-ல் செபக்சாரி என்ற ஊரில், ஒரு சிறுமியின் கண்ணில் செயற்கை லென்ஸ் பொருத்தினார். 1949-ல் லண்டனில் டாக்டர் ரிட்லி தொடங்கி வைத்த முறை அது. சோவியத் நாட்டில் அதுவே முதல் தடவை. பாராட்டு கிடைக்கவில்லை, வேலைதான் போயிற்று. அவருக்காக நாளேட்டில் கட்டுரை வெளிவந்த பிறகே வேலை திரும்பக் கிடைத்தது. 1967-ல் மாஸ்கோ வந்து சேர்ந்தார்.

உடைந்த கண்ணாடி

1970-களின் தொடக்கத்தில் ஒரு பையனை அவரிடம் கொண்டு வந்தார்கள். அடிபட்டு மூக்குக் கண்ணாடி உடைந்து, சில்லுகள் கருவிழி மேலுள்ள படலத்தைக் கீறியிருந்தன. காயம் ஆறியதும் பையனின் கிட்டப்பார்வைக் கோளாறு குறைந்திருந்தது!

கிட்டப்பார்வைக்காரர்களுக்கு ஒளி விழித்திரையை எட்டும் முன்பே குவிந்துவிடுகிறது. படலத்தைச் சற்றுத் தட்டையாக்கினால் ஒளி சரியான இடத்தில் குவியும். ஜப்பானிய டாக்டர் சாடோ முன்பே இதற்காகப் படலத்தின் உட்புறத்தைக் கீறிப் பார்த்தார். நாளடைவில் அந்தக் கண்கள் மங்கிப் போயின. பியோதரோவ் வெளிப்புறத்தில் மட்டும், நடுப்பகுதியைத் தொடாமல், சைக்கிள் சக்கரக் கம்பிகள் போலக் கீறினார். அதற்கு வைரக் கத்தியைப் பயன்படுத்தினார்.

1980-களில் அவருடைய ஆஸ்பத்திரி தொழிற்சாலை போல நடந்தது. நோயாளி படுத்த கட்டில் நகர்ந்து வரும். ஒவ்வொரு டாக்டரும் தம் பங்கு வேலையை மட்டும் செய்வார். ஒரே நாளில் ஏராளமானோருக்கு ஆபரேஷன் முடிந்தது. வருமானத்தில் ஊழியர்களுக்கும் பங்கு உண்டு.

சென்னைக்காரர் கண்ட ஒளி

கத்தி முறையிலும் குறை இருந்தது. அமெரிக்காவில் 10 ஆண்டுகள் தொடர்ந்து சோதித்ததில், 100-க்கு 43 கண்கள் தூரப்பார்வைப் பக்கம் சாய்ந்திருந்தன. இதற்குள் வேறு வழி பிறந்துவிட்டது. சென்னையில் பிறந்து, சென்னைப் பல்கலைக்கழகத்தில் படித்த விஞ்ஞானி ரங்கசாமி சீனிவாசன், அமெரிக்காவில் ஐ.பி.எம். கம்பெனியில் இருந்தார். 1981-ல் அவரும் இரு சகாக்களும், விருந்தில் மிஞ்சிய வான்கோழியின் மீது எக்ஸைமர் லேசரைப் பாய்ச்சிப் பார்த்தார்கள். சுற்றிலும் கருகாமல் சுத்தமாக வெட்டியது. கண் டாக்டர் ட்ரோக்கெல் 1983-ல் அதைக் கண்ணுக்குப் பயன்படுத்த வழி காட்டினார். இன்றைய லேசர் சிகிச்சை அதில் பிறந்ததே. படலத்தின் கனத்தை அளந்து, பவர் மாறாமல் நிலைத்த பிறகே இதைச் செய்கிறார்கள். எல்லோருக்கும் இது பொருந்தாது.

பியோதரோவ் 1996-ல் ரஷிய ஜனாதிபதி தேர்தலில் நின்று தோற்றார். 2000 ஜூன் 2-ந் தேதி தம்போவ் நகரிலிருந்து திரும்பும்போது, மாஸ்கோ அருகே ஹெலிகாப்டர் விழுந்து இறந்தார். அவருடைய கத்தியின் காலம் முடிந்துவிட்டது. கண்ணாடி போட்டவர் காலமெல்லாம் கண்ணாடியோடுதான் இருக்கவேண்டும் என்ற எண்ணத்தை உடைத்தவர்களில் அவருக்குத் தனி இடம் உண்டு.