சோழமண்டலக் கடலில் தளபதி சுஃப்ரேன்: ஒரு வாழ்க்கை வரலாற்று நோக்கு

முன்னுரை

தமிழகக் கடற்கரை வரலாற்றில் 1782, 1783 ஆகிய ஆண்டுகள் தனியிடம் பெறுவன. பதினாறு மாத இடைவெளியில் பிரெஞ்சு, ஆங்கிலக் கடற்படைகள் இக்கடலில் ஐந்து முறை மோதின. பிரெஞ்சுப் படையை நடத்தியவர் பியேர் ஆந்த்ரே தெ சுஃப்ரேன். கைப்பற்றிய கப்பல்களின் எண்ணிக்கையைக் கொண்டு அளந்தால் இவருடைய பணி சிறிதாகவே தோன்றும். துறைமுகமற்ற கரையில் ஒரு படையைத் தாங்கி நிறுத்தியதே அவருடைய உண்மைச் சாதனை என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

பிறப்பும் பயிற்சியும்

சுஃப்ரேன் 1729இல் தென்பிரான்சின் புரோவென்சுப் பகுதியில் உள்ள சென்-கன்னாவில் பிரபுக் குடும்பத்தில் பிறந்தார். 1743இல் கடற்படைப் பயிற்சியில் சேர்ந்தார். 1747, 1759 ஆகிய ஆண்டுகளில் இருமுறை ஆங்கிலேயரிடம் சிறைப்பட்டார். மால்டாவின் புனித யோவான் வீரத்துறவியர் சபையிலும் பணியாற்றி, அதன் உயர்நிலைகளுள் ஒன்றான 'பாயி' பட்டம் பெற்றார். இரு படைகளும் வரிசையாக நின்று சுடும் அக்காலப் போர்முறை முடிவு தராது என்பதும், பகைவரிசையின் ஒரு பகுதியை முழுவலிமையுடன் தாக்க வேண்டும் என்பதும் அவருடைய கொள்கை.

சோழமண்டலக் கடற்போர்கள்

1781 ஏப்ரலில் கேப் வெர்டே தீவுகளின் போர்த்தோ பிராயாவில் ஆங்கிலப் படையைத் தாக்கித் தாமதப்படுத்தினார். அதனால் டச்சுக்காரரின் நன்னம்பிக்கை முனை காக்கப்பட்டது. 1782 பிப்ரவரியில் தலைமைத் தளபதி தோர்வ் இறக்கவே, படைத்தலைமை இவரிடம் வந்தது.

அப்போது புதுச்சேரி ஆங்கிலேயர் வசம் இருந்தது. எதிர்த்தளபதி எட்வர்டு ஹியூசுக்குச் சென்னையும் பம்பாய்க் கப்பல்துறையும் உதவின. சுஃப்ரேனுக்கோ மைசூர்ப் படையின் துணையுடன் பிரெஞ்சுக்காரர் பிடித்த கடலூரின் திறந்த கரையே கிடைத்தது. சதுரங்கப்பட்டினம், இலங்கையின் கீழ்க்கரையிலுள்ள புரோவிதியன், நாகப்பட்டினம் ஆகிய இடங்களில் போர்கள் நிகழ்ந்தன. நாகப்பட்டினப் போருக்குப்பின் சிறுகப்பல்களின் பாய்மரங்களைக் கழற்றிப் பெருங்கப்பல்களில் பொருத்தினார். கடலூரருகே ஹைதர் அலியைச் சந்தித்து நட்பை உறுதிசெய்தார். ஆகஸ்டு இறுதியில் திருகோணமலையைக் கைப்பற்றினார். துறைமுகக் குறை அன்றே நீங்கியது. செப்டம்பர் 3இல் அத்துறைக்கு வெளியே நான்காம் போர் நடந்தது.

அவருடைய குறையும் சுட்டத்தக்கது. புதிய போர்முறையைத் தம் கப்பல் தலைவர்களுக்கு அவர் போதிய அளவு விளக்கவில்லை. பலர் ஆணையைப் பின்பற்றவில்லை. சிலரைப் பதவிநீக்கித் திருப்பியனுப்பினார். வெற்றிகள் முழுமை பெறாமைக்கு இதுவும் காரணம்.

1783 ஜூன் 20இல் கடலூர்ப் போரில் 15 கப்பல்களுடன் 18 கப்பல்களை எதிர்த்தார். ஹியூசு சென்னைக்குப் பின்வாங்க, கடலூரில் முற்றுகையுண்டிருந்த புசியின் படை காக்கப்பட்டது. சில நாள்களில் ஐரோப்பாவிலிருந்து அமைதிச் செய்தி வந்தது.

முடிவுரை

உடன்படிக்கையின்படி புதுச்சேரி பிரான்சுக்கும் திருகோணமலை டச்சுக்காரருக்கும் திரும்பின. நாகப்பட்டினம் ஆங்கிலேயரிடமே நின்றது. நாடு திரும்பிய சுஃப்ரேனுக்கெனத் தனியாக ஒரு துணைக்கடற்படைத்தலைவர் பதவி உருவாக்கப்பட்டது. 1788 டிசம்பர் 8இல் பாரிசில் மறைந்தார். புதுச்சேரியின் ஒரு வீதி இன்றும் அவர் பெயரைத் தாங்குகிறது. ஐந்து போர்களிலும் அவர் தம் படையை அழியாமல் காத்தார். ஆயினும் இக்கரையின் உரிமையைக் கடற்போர்கள் முடிவுசெய்யவில்லை, ஐரோப்பிய உடன்படிக்கையே முடிவுசெய்தது. சுஃப்ரேனின் வாழ்வு தமிழக வரலாற்றாய்வுக்கு உணர்த்துவது இதுவே.