கீர்த்தனை தந்தவரும் அவர் விட்டுக்கொடுக்காத வரிசையும்

கொட்டகலைப் பக்கம் தோட்டத்து ஆலயங்கள் பலவற்றில் இப்போது கீபோர்டும் டிரம்ஸும் வந்துவிட்டன. இளைஞர்கள் சென்னைப் பாடல்களை யூடியூப்பில் கேட்டுப் பழகி ஆராதனையில் பாடுகிறார்கள். பெரியவர்கள் கீர்த்தனை எங்கே என்று முகம் சுளிக்கிறார்கள். இந்தச் சண்டையைச் சிறுவயதிலிருந்தே பார்த்துவருகிறேன். ஆனால் அந்தக் கீர்த்தனைகளையும் ஒருகாலத்தில் ஆலயத்துக்கு வெளியே தள்ளப் பார்த்தார்கள். அதை எதிர்த்து நின்றவர்தான் தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார்.

1774இல் திருநெல்வேலியில் பிறந்தார். பன்னிரண்டு வயதளவில் ஜெர்மன் மிஷனரி சுவார்ட்ஸ் அவரைத் தஞ்சாவூருக்கு அழைத்துச்சென்று வளர்த்தார். பின்னாளில் மன்னரான இரண்டாம் சரபோஜியும் சுவார்ட்ஸின் மாணவரே. தரங்கம்பாடியிலும் படித்த வேதநாயகம், இருபது வயதிலேயே தஞ்சையில் மிஷன் பள்ளிக்குத் தலைமை ஏற்றார். குறவஞ்சி என்ற நம் பழைய இலக்கிய வடிவத்தை எடுத்து பெத்லகேம் குறவஞ்சி எழுதினார். அதில் புதிய புவியியலும் வானியலும்கூட வருகின்றன. சபையார் அவரைச் சுவிசேஷக் கவிராயர் என்றே அழைத்தார்கள்.

ஜெர்மன் மெட்டில் மொழிபெயர்த்த ஞானப்பாட்டுகள் ஒலித்த இடத்தில் அவர் ராகமும் தாளமும் கொண்டுவந்தார். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் கீர்த்தனை எளிது. ஒருவர் சரணம் பாட, மற்றவர்கள் பல்லவியைப் பிடித்துக்கொண்டால் போதும்.

1820களின் கடைசியில் புதிதாக வந்த மிஷனரிகள் தஞ்சைச் சபையைத் திருத்த முனைந்தார்கள். தமிழ்ப் பாட்டு வேண்டாம், விழாவுக்குப் பூ வேண்டாம், வேதாகமத்துக்குப் புது மொழிபெயர்ப்பு, சாதிக்கொரு பக்கமாக உட்காரும் வழக்கத்துக்கு முடிவு. இந்த நான்கையும் கொடுமைகள் என்று பட்டியலிட்டு 1829இல் சாஸ்திரியார் எழுதினார். மிஷன் வேலை போனது. சரபோஜி அவரை ஆதரித்தார்.

இங்கேதான் எனக்குத் தொண்டையில் சிக்குகிறது. பாட்டுக்காகவும் பூவுக்காகவும் அவர் நின்றது நியாயம் என்றே நினைக்கிறேன். ஆனால் அதே மூச்சில், வேளாளர் ஒரு பக்கமும் தாழ்த்தப்பட்டோர் மறுபக்கமும் உட்காரும் வரிசையையும் அவர் காப்பாற்ற நின்றார். 1833இல் கல்கத்தாப் பேராயர் டேனியல் வில்சன் சபைக்குள் சாதி கூடாது என்று கண்டிப்பாக உத்தரவிட்டபோது தஞ்சையில் பலர் சபையைவிட்டே வெளியேறினார்கள். அவர்கள் யாரோடு சமமாக உட்கார மறுத்தார்களோ, அந்தச் சாதிகளிலிருந்துதான் நம் முன்னோரில் பெரும்பாலானோர் கோப்பித் தோட்டங்களுக்கு வந்தார்கள். சபைகளில் கீர்த்தனையின் பெருமை பேசப்படும்போது இந்தப் பகுதி மட்டும் ஏனோ விடுபட்டுப்போகிறது.

பாட்டு மட்டும் வரிசையைத் தாண்டிவிட்டது. 1853இல் அமெரிக்க மதுரை மிஷனின் எட்வர்ட் வெப் வெளியிட்ட கீர்த்தனைத் தொகுப்பில் சாஸ்திரியாரின் பாடல்களும் இருந்தன. மறுவருடமே கண்டியை மையமாகக் கொண்டு தமிழ்க் கூலி மிஷன் தொடங்கியது. பெயரே அப்படித்தான். திருநெல்வேலியிலிருந்து வந்த உபதேசியார்கள் தோட்டம் தோட்டமாக நடந்து லயங்களில் ஊழியம் செய்தார்கள். எந்தக் கைகள் கோப்பைத் தொட்டால் தஞ்சையில் தீட்டு என்றார்களோ, அந்தக் கைகள் இங்கே தாளம் போட்டன.

சாஸ்திரியார் இலங்கைத் தோட்டம் எதையும் பார்த்ததில்லை. 1864 ஜனவரி 24இல், 89 வயதில் தஞ்சையில் இறந்தார். 1977லும் 1983லும் அடிபட்டு மலையகத்திலிருந்து வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் போன குடும்பங்களில் கிறிஸ்தவர்களும் இருந்தார்கள். வன்னியில் கொட்டில் போட்டுக் கும்பிட்டபோது பாட்டுப்புத்தகம் எல்லோர் கையிலும் இருந்திருக்காது. பல்லவி மனப்பாடமாக இருந்தது.