ஹோமி பாபா

அணுவினின்று ஆற்றல் பெறும் வழியைக் கண்ட அறிவியல், அதனுடன் தோன்றும் கதிர்வீச்சினின்று மனிதனைக் காக்கும் வழியையும் காண வேண்டியதாயிற்று. கண்ணுக்குப் புலனாகாமலே உடலைச் சிதைக்கவல்லது அக்கதிர்வீச்சு. நம் நாட்டில் அணுவாற்றற் பணிக்கு அடிகோலியவர் ஹோமி ஜஹாங்கீர் பாபா ஆவார்.

பாபா 1909ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 30ஆம் நாள் மும்பையில் பார்சிக் குடும்பமொன்றில் பிறந்தார். மைந்தர் பொறியியல் கற்று ஜாம்ஷெட்பூர் இரும்பாலையில் பணியாற்ற வேண்டும் என்பது தந்தையாரின் விருப்பம். மைந்தரின் உள்ளமோ இயற்பியலை நாடியது. பொறியியலில் முதல் வகுப்பில் தேறினால் விரும்பியதைக் கற்கலாம் என்று தந்தையார் இசைந்தார். 1930ஆம் ஆண்டு கேம்பிரிட்ஜில் அவ்வாறே தேறிய பாபா, அதன்பின் இயற்பியலில் ஆழ்ந்தார்.

1939ஆம் ஆண்டு விடுமுறைக்குத் தாயகம் வந்தவர், உலகப்போர் மூண்டமையால் திரும்பிச் செல்ல இயலாதவரானார். ஓசூரை அடுத்துள்ள பெங்களூருவில், இந்திய அறிவியல் நிறுவனத்தில் சேர்ந்து, விண்ணினின்று வரும் கதிர்களை ஆராய்ந்தார். தாய்நாட்டிலேயே தங்கிப் பணிபுரிய வேண்டும் என்னும் உறுதி அங்கே பிறந்தது. 1948இல் அணுசக்தி ஆணையத்தின் தலைவரானார். 1956 ஆகஸ்டு 4ஆம் நாள், மும்பையை அடுத்த டிராம்பேயில், நம் நாட்டின் முதல் அணு உலையாகிய அப்சரா இயங்கத் தொடங்கிற்று.

உலையில் பயன்பட்ட யுரேனியக் கோல்களைக் கரைத்துப் புளூட்டோனியம் பிரிக்கும் ஆலையும் அங்கே எழுந்தது. அக்கோல்களை அணுகுவோர் உயிர் பிழைத்தல் அரிது. ஆதலின், இத்தகைய பணி தடித்த கற்காரைச் சுவர்களுக்குள் நடைபெறும். பணியாளர் வெளியே நின்று, ஈயங்கலந்த கண்ணாடி வழியே நோக்கிக் கைப்பிடியை அசைப்பார். உள்ளிருக்கும் எந்திரக்கை அவ்வசைவை அப்படியே செய்யும். எனினும், கதிர்வீச்சு எந்திரத்தையும் விட்டுவைப்பதில்லை. இரப்பர் விரிசல் காணும், மசகெண்ணெய் கெடும், மின்னணுக் கருவிகள் பழுதுறும். எனவே, நுண்ணிய கருவிகளை இயன்றவரை சுவருக்கு வெளியே அமைப்பர். உள்ளிருப்பவற்றை எளிதிற் கழற்றி மாற்றத்தக்கனவாகச் செய்வர்.

1966 ஜனவரி 24ஆம் நாள் ஆல்ப்ஸ் மலையில் நேர்ந்த விமான விபத்தில், தம் 56ஆம் வயதில் பாபா மறைந்தார். மறு ஆண்டு டிராம்பே நிறுவனத்திற்கு அவர் பெயர் சூட்டப்பெற்றது. கதிர்வீச்சைத் தாங்கும் எந்திரக்கைகளும் எந்திர மனிதர்களும் இன்று அங்கே உருவாகின்றன. நம் கல்பாக்கத்திலும் எரிந்த அணு எரிபொருளை எந்திரக்கைகளே கையாளுகின்றன.

தந்தையார் விரும்பியது பொறியியல். மைந்தர் விரும்பியது இயற்பியல். அவ்விரண்டும் கைகோக்கும் இடத்தில்தான் தொழிலாளியின் உயிர் காக்கப்பெறுகிறது. விரும்பாது கற்ற கல்வியும் வீண்போவதில்லை என்பதற்கு அவர் வாழ்வே சான்றாகும்.