மடியில் அமர்த்திய அம்மா

பெற்றவர் மடி கிட்டாத குழந்தைகளுக்குத் தம் மடியைத் தந்தவர் ஏமி கார்மைக்கேல் அம்மையார்.

இவர் 1867-ஆம் ஆண்டு டிசம்பர் 16-ஆம் நாள் அயர்லாந்தில் மில்லைல் என்னும் கடற்கரைச் சிற்றூரில் பிறந்தார். உடன்பிறந்தோர் அறுவர்க்கும் மூத்தவர். 1895-இல் இந்தியா வந்தவர், பின்னர் தாய்நாடு திரும்பவேயில்லை. தமிழ் கற்று, சேலை உடுத்தி, திருநெல்வேலிச் சீமையில் நற்செய்திப் பணி ஆற்றினார்.

1901-ஆம் ஆண்டு மார்ச் மாதம் ப்ரீனா என்ற ஏழு வயதுச் சிறுமி அவரிடம் அடைக்கலம் வந்தாள். பொட்டுக்கட்டுவதற்காக ஒப்படைக்கப்பட்டிருந்தவள் அவள். முன்பு ஒருமுறை தப்பித் தாயிடம் ஓடியபோது திருப்பி அனுப்பப்பட்டு, கைகளில் சூடு போடப்பட்டவள். அம்மையார் அவளிடம் எதுவும் கேட்குமுன் மடியில் அமர்த்தி முத்தமிட்டார். பெற்ற தாயைப் போலவே முத்தமிடும் இவர் யாரோ என்று வியந்த அச்சிறுமி, அன்றே அவரைத் தாயாக ஏற்றாள்.

1904 முதல் பச்சிளங்குழந்தைகளும் டோனாவூருக்கு வரத் தொடங்கினர். தாய்ப்பால் இல்லாத அக்குழந்தைகளுள் சிலர் நோயுற்று இறந்தனர். அம்மையார் துயருற்றார்; ஆனால் பணியைக் கைவிடவில்லை. பொன்னம்மாள் என்னும் உத்தமி, நெய்யூர் மருத்துவமனைக்கு அருகில் தங்கிக் கைக்குழந்தைகளைக் கண்ணுங்கருத்துமாகப் பேணினார்.

டோனாவூரை விடுதியாக நடத்த அம்மையார் விரும்பவில்லை; குடும்பமாகவே நடத்தினார். குழந்தைகளை வளர்த்த நம் நாட்டுப் பெண்கள் அக்காள் என்றும், மேனாட்டுப் பெண்கள் சித்தி என்றும், அவர் அம்மா என்றும் அழைக்கப்பட்டனர். பிறந்த நாள் தெரியாத குழந்தைகளுக்கு, அவர்கள் வந்து சேர்ந்த நாளே திருநாளாயிற்று. நம்மையும் ஒருவர் எதிர்பார்த்திருந்தார் என்ற மகிழ்ச்சியை ஒரு குழந்தைக்கு இதைவிட எப்படித் தருவது!

1931-இல் கீழே விழுந்து காயமுற்றவர், இருபது ஆண்டுகள் பெரும்பாலும் படுக்கையிலேயே கழித்தார். 1951-ஆம் ஆண்டு ஜனவரி 18-இல் இறைவனடி சேர்ந்தார். கல்லறைக் கல் வேண்டாம் என்றிருந்தார். எனவே பிள்ளைகள் பறவைகள் நீர் பருகும் கல்தொட்டி ஒன்றை வைத்து, தாயைக் குறிக்கும் ஒரே ஒரு சொல்லை அதில் பொறித்தனர்.

நம் அடையாற்றில் அவ்வை இல்லம் விளங்கக் காரணமான டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையாரின் அயரா முயற்சியால், 1947-இல் பொட்டுக்கட்டும் வழக்கம் சட்டத்தால் தடுக்கப்பட்டது. ஏமி அம்மையார் மறைந்த அதே 1951-இல், ஜான் பௌல்பி என்னும் ஆங்கில மருத்துவர் உலக சுகாதார நிறுவனத்திற்காக எழுதிய நூல் வெளிவந்தது. இடைவிடாத தாயன்பு குழந்தையின் மனநலத்திற்கு இன்றியமையாதது என்று அவர் அதில் விளக்கினார். டோனாவூர் அம்மா அதை அரை நூற்றாண்டுக்கு முன்பே செய்து காட்டியிருந்தார்.

தோழியரே, வளர்ப்புக் குடும்பத்திலோ இல்லத்திலோ வளரும் குழந்தைக்குப் பாலும் உடையும் மட்டும் போதா. அழுதால் ஓடிவரும் அதே முகம் நாள்தோறும் வேண்டும். நம் திருவான்மியூரிலும் அத்தகைய குழந்தைகள் இருக்கலாம். அவர்களுக்கு நாம் அக்காளாக இருப்போமாக!