வெண்பனியை வென்ற வீரர்

நார்வே மலைகள் நிறைந்த நாடு. குளிர்காலத்தில் அங்கு வழிகளெல்லாம் வெண்பனியால் மூடப்படும். ஆதலின், அந்நாட்டார் நீண்டு ஒடுங்கிய மரக்கட்டைகளைக் கால்களில் பிணைத்துக்கொண்டு பனிமீது சறுக்கிச் செல்லப் பழகியிருந்தனர். இக்கலையின் துணைகொண்டு உலகம் வியக்கும் அருஞ்செயல் புரிந்தவர் பிரிட்யாப் நான்சென் ஆவார்.

அவர் 1861ஆம் ஆண்டு, இக்காலத்தில் ஆஸ்லோ எனப்படும் நகரின் அருகே பிறந்தார். உயிரியல் கற்றுத் தேர்ந்தார். கிரீன்லாந்து என்னும் பெருந்தீவின் உட்பகுதியைக் குறுக்கே கடந்தவர் அந்நாள்வரை எவருமிலர். மேற்குக் கரையிலிருந்து புறப்பட்டோர் பலரும் இடைவழியிலேயே திரும்பினர். நான்செனோ, மக்கள் அரிதாக வாழும் கிழக்குக் கரையிலிருந்து புறப்பட எண்ணினார். அவ்வாறு சென்றால் பின்வாங்க இடமில்லை, முன்னேறியே தீரவேண்டும். இதனைப் பலர் எள்ளி நகையாடினர்.

1888ஆம் ஆண்டு சூலைத் திங்களில் அவரும் தோழர் ஐவரும் கப்பலை விட்டுப் படகுகளில் இறங்கினர். மிதக்கும் பனிக்கட்டிகள் அவர்களைப் பன்னிரண்டு நாள் தெற்கே இழுத்துச் சென்றன. அரிதின் முயன்று கரையேறி, ஆகஸ்டு 15ஆம் நாள் மலையேறத் தொடங்கினர்.

பகலில் வெயிலால் பனி இளகிக் கால் புதைந்தது. இரவில் அதுவே இறுகியது. இதனை உணர்ந்து இரவில் நடந்தனர். பனி மூடிய பிளவுகள் ஆங்காங்கே வாய் திறந்திருந்தன. மேலே செல்லச் செல்ல, கடுங்குளிரில் உலர்ந்த பனி மணல்போல் ஆயிற்று. சறுக்குவண்டிகளை இழுப்பது பெரும்பாடாயிற்று. புயலும் எதிர்த்தது. பருவம் கழிந்துவருவதைக் கண்ட நான்சென், முதலில் குறித்த ஊரைக் கைவிட்டு, அணித்தான காட்ஹாப் நோக்கித் திரும்பினார். உடற்சுமையைப் பரப்பித் தாங்கும் சறுக்குக் கட்டைகள் அவர்களுக்குப் பெருந்துணையாயின. செப்டம்பர்த் திங்களில் 2,719 மீட்டர் உயரத்தை எய்தினர். குளிர் சுழியத்திற்குக் கீழே 40 பாகையளவு இறங்கியது. பின்னர்க் காற்று துணையாக வீசவே, வண்டிகளில் பாய் கட்டி விரைந்தனர். அக்டோபர் 3ஆம் நாள் நான்செனும் தோழர் ஒருவரும் காட்ஹாப் சேர்ந்தனர். அறுவரும் உயிருடன் மீண்டனர்.

பிற்காலத்தில் நாடிழந்து அலைந்த மக்களுக்கு அவர் புகலிடம் தேடித் தந்தார். அத்தொண்டிற்காக 1922ஆம் ஆண்டு நோபல் அமைதிப் பரிசு பெற்றார். 1930ஆம் ஆண்டு மறைந்தார்.

பின்வாங்கேன் என்று துணிந்தவரே, காலமறிந்து வழியை மாற்றவும் தயங்கவில்லை. துணிவோடு அறிவும் சேர்ந்தாலன்றி எடுத்த வினை முற்றுப்பெறாது என்பதை அவர் வாழ்க்கை நமக்கு உணர்த்துகின்றது.