மனதை விட்டு அகலாத காட்சிகளைத் தந்த சத்யஜித் ரே

ஒரு திரைப்படத்தைப் பார்த்து ஒரு மாதம் கழிந்த பின்னர் அதில் எது எம் மனதில் எஞ்சியிருக்கிறது என்று எப்போதாவது யோசித்துப் பார்த்திருக்கிறீர்களா? கதாநாயகன் பத்துப் பேரை அடித்து வீழ்த்தியதும், வெளிநாட்டு மலைச்சாரலில் ஆடிப்பாடியதும் பெரும்பாலும் மறந்துபோகும். ஆனால் சில படங்களில் ஒரு சின்னஞ்சிறு காட்சி மட்டும் எங்களை விட்டுப் போவதில்லை. சமையலறையில் நிற்கும்போதும் பாடக்கொப்பியைத் திறக்கும்போதும் அது நினைவுக்கு வரும்.

எனக்கு அப்படி அமைந்த படம் ‘பதேர் பாஞ்சாலி’. 1955ஆம் ஆண்டு வெளிவந்த கறுப்பு வெள்ளைப் படம் அது. வங்காள மொழி எனக்குத் தெரியாது. திரையின் அடியில் ஓடும் எழுத்துகளை வாசித்துத்தான் கதையை விளங்கிக்கொண்டேன். ஆனால் மனதில் நின்ற காட்சிகளில் அந்த எழுத்துகளே இருக்கவில்லை. அங்கே எவரும் பேசவில்லை. இந்த வியப்புத்தான் அப்படத்தை இயக்கிய சத்யஜித் ரேயின் வாழ்க்கையைத் தேடி வாசிக்க என்னைத் தூண்டியது.

சத்யஜித் ரே 1921ஆம் ஆண்டு மே மாதம் 2ஆம் திகதி கல்கத்தாவில் பிறந்தார். அவரது குடும்பம் எழுத்தும் ஓவியமும் அச்சுக்கலையும் நிறைந்த குடும்பம். பாட்டனார் உபேந்திரகிஷோர் சிறுவர் எழுத்தாளர். சொந்தமாக அச்சகம் நடத்தியவர். ‘சந்தேஷ்’ என்ற சிறுவர் சஞ்சிகையை 1913இல் தொடங்கியவர். தந்தை சுகுமார் ரே குழந்தைகளைச் சிரிக்க வைக்கும் விசித்திரப் பாடல்களால் வங்காளம் முழுவதும் புகழ்பெற்றவர். 1923இல் அவர் நோயினால் இறந்தபோது சத்யஜித்துக்கு வயது இரண்டரைதான். பின்னர் அச்சகமும் நொடித்துப்போனது. தாய் சுப்ரபா மகனை அழைத்துக்கொண்டு தன் சகோதரன் வீட்டுக்குச் சென்றார். உழைத்து மகனைப் படிக்கவைத்தார்.

தந்தையின் முகம் நினைவில் இல்லாத ஒரு பிள்ளை அவரை எப்படி அறிந்துகொள்ளும்? அவர் எழுதிய புத்தகங்கள், வரைந்த படங்கள், விட்டுச்சென்ற பொருட்கள் ஆகியவற்றின் வழியாகத்தான். ரேயின் படங்களில் மனிதர்கள் போன பின்னர் அவர்களது பொருட்கள் பேசுவதைப் பார்க்கும்போதெல்லாம் இந்தக் குழந்தைப் பருவமே எனக்கு ஞாபகம் வருகிறது.

கல்கத்தா மாநிலக் கல்லூரியில் பொருளியல் கற்ற ரே, தாயின் விருப்பத்தின்படி 1940இல் தாகூரின் சாந்திநிகேதனில் சேர்ந்து ஓவியம் பயின்றார். நந்தலால் போஸ், பினோத் பிஹாரி முகர்ஜி ஆகியோர் அவரது ஆசான்கள். ஒரு மரத்தை வரைவதற்கு முன் அதனை நின்று நிதானமாகப் பார்க்க வேண்டும் என்ற பழக்கம் அங்கே அவரிடம் ஊறியது. பிற்காலத்தில் பார்வையிழந்த ஆசான் பினோத் பிஹாரியைப் பற்றி 1972இல் ஓர் ஆவணப்படம் எடுத்துத் தன் நன்றிக்கடனைச் செலுத்தினார். படிப்பை முடிக்காமலே கல்கத்தாவுக்குத் திரும்பிய அவர், 1943இல் டி. ஜே. கீமர் என்ற விளம்பர நிறுவனத்தில் ஓவியராகச் சேர்ந்தார். ஒரு பதிப்பகத்துக்காக நூல்களின் அட்டைகளையும் வரைந்தார். அப்படி வந்த வேலைகளில் ஒன்று, விபூதிபூஷண் பந்தோபாத்யாயவின் ‘பதேர் பாஞ்சாலி’ நாவலின் சிறுவர் பதிப்புக்குப் படம் வரைவது. அந்த ஓவியங்களை வரையும்போதே அது திரைப்படமாக அவர் கண்முன் விரியத் தொடங்கியது.

1947இல் நண்பர்களுடன் சேர்ந்து கல்கத்தா திரைப்படச் சங்கத்தை ஆரம்பித்தார். பிரான்ஸ் நாட்டு இயக்குநர் ஜோன் ரெனுவா ஒரு படத்துக்காக வங்காளம் வந்தபோது இடங்களைக் காட்ட உடன் சென்றார். 1950இல் அலுவலக வேலையாக இலண்டனுக்குச் சென்ற ரே, அங்கிருந்த சில மாதங்களில் நூறு படங்கள் வரை பார்த்துவிட்டார். அவற்றில் இத்தாலியப் படமான ‘சைக்கிள் திருடர்கள்’ அவரை உலுக்கியது. பெரிய நடிகர்களும் அரங்க அமைப்புகளும் இல்லாமல், தெருவிலேயே கமராவை வைத்து ஏழை மனிதனின் கதையைச் சொல்ல முடியும் என்பதை அந்தப் படம் அவருக்கு உணர்த்தியது.

1952 ஒக்டோபர் 27ஆம் திகதி படப்பிடிப்புத் தொடங்கியது. ஒளிப்பதிவாளர் சுப்ரதா மித்ரா ஓர் இளைஞர். அதற்கு முன் அவர் திரைப்படக் கமராவை இயக்கியதே இல்லை. வெண்ணிறப் பூக்கள் பூத்த நாணல் வெளியில் அக்கா துர்காவும் தம்பி அப்புவும் நடக்கும் காட்சிதான் முதலில் எடுக்கப்பட்டது. பாதியை எடுத்துவிட்டு அடுத்த ஞாயிறு போய்ப் பார்த்தால், பூக்களையெல்லாம் மாடுகள் மேய்ந்து முடித்திருந்தன! மிகுதியை எடுக்க அடுத்த ஆண்டு பூக்கும் காலம்வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

பணத்துக்காகப் பட்ட பாடும் கொஞ்சமல்ல. தனது காப்புறுதிப் பத்திரத்தை ஈடு வைத்தார். ஆசையாகச் சேர்த்த இசைத்தட்டுகளை விற்றார். மனைவி பிஜோயாவின் நகைகளும் அடகுக்குப் போயின. படப்பிடிப்பு மாதக்கணக்கில் நின்றது. இறுதியில் மேற்கு வங்காள அரசு உதவியது. இந்த மூன்று ஆண்டுகளில் சிறுவன் அப்புவின் குரல் உடைந்திருந்தாலோ, துர்காவாக நடித்த உமா தாஸ்குப்தா வளர்ந்து உருமாறியிருந்தாலோ, எண்பது வயதை எட்டிய மூதாட்டி சுனிபாலா தேவி இறந்திருந்தாலோ படம் நின்றே போயிருக்கும். அப்படி எதுவும் நடக்கவில்லை. ஆனால் படம் திரைக்கு வருமுன்பே சுனிபாலா காலமானார்.

இனி, மனதை விட்டு அகலாத அந்தக் காட்சிகளுக்கு வருகிறேன்.

முதலாவது, பலரும் பேசும் புகையிரதக் காட்சி. நாணல் வெளியில் அக்காவும் தம்பியும் அலைகிறார்கள். கம்பமொன்றில் காதை வைத்து அதன் ரீங்காரத்தைக் கேட்கிறார்கள். கரும்பைக் கடிக்கிறார்கள். பிறகு தூரத்தில் ஓர் ஓசை. வெண்பூக்களுக்கு மேலே கரும்புகை. இருவரும் ஓடுகிறார்கள். வழியில் துர்கா தடுக்கி விழுகிறாள். அப்பு மட்டும் தண்டவாளத்தை அடைகிறான். ரே அந்த இடத்தில் கமராவைத் தண்டவாளத்தின் மறுபக்கம் கொண்டுபோய் வைக்கிறார். உருளும் சில்லுகளுக்கு இடையே அப்பு துண்டு துண்டாகத் தெரிகிறான். சில வினாடிகளில் எல்லாம் முடிந்து புகை மட்டும் மிஞ்சுகிறது. அந்தப் புகையிரதம் கிராமத்துக்கு அப்பால் ஓர் உலகம் உண்டு என்று சொல்கிறது. அப்பு ஒருநாள் அந்த உலகத்துக்குப் போவான். துர்கா போகமாட்டாள். இதை எவரும் வாய்திறந்து சொல்வதில்லை. அவள் விழுந்தது ஏன் என்னை உறுத்தியது என்பது படம் முடிந்த பிறகுதான் விளங்கியது.

இரண்டாவது, துர்கா இறந்த பின்னர் வரும் ஒரு காட்சி. மழையில் ஆசைதீர நனைந்த அவள் காய்ச்சலில் விழுந்து, புயல் வீசும் ஓர் இரவில் இறந்துபோகிறாள். அதன் பிறகு ஒருநாள் அப்பு தானாகவே பல் துலக்குகிறான், தலை வாருகிறான், வெளியே புறப்படுகிறான். மழை வருமோ என்று வானத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்க் குடையை எடுத்துக்கொள்கிறான். அவ்வளவுதான். ஆனால் படத்தின் முற்பகுதியில் அவனை எழுப்பிவிட்டது அக்கா. தலைவாரிப் பாடசாலைக்கு ஆயத்தப்படுத்தியது அக்காவும் தாயும். அதைப் பார்த்திருந்ததால்தான் இது நெஞ்சைப் பிசைகிறது. என்னுடன் படம் பார்த்த உம்மா, துர்கா இறக்கும் காட்சியில் அழவில்லை. அந்தக் குடையை எடுத்தபோதுதான் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஒரு காட்சி மனதில் தங்க வேண்டுமானால் அதற்கான விதையை வெகு முன்பே ஊன்றியிருக்க வேண்டும் என்பதை அன்று கண்டுகொண்டேன்.

மூன்றாவது, வெளியூரில் உழைத்துவிட்டுத் தந்தை ஹரிஹர் வீடு திரும்பும் காட்சி. மகள் இறந்தது அவருக்குத் தெரியாது. வாங்கி வந்த பொருட்களை ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டுகிறார். துர்காவுக்கென்று வாங்கிய சேலையை நீட்டும்போது தாய் சர்பஜயா உடைந்து அழுகிறாள். ஆனால் அவளது அழுகுரல் எமக்குக் கேட்பதில்லை. அந்த இடத்தில் தார்ஷெனாய் என்ற வாத்தியத்தின் உச்சஸ்தாயி ஓசைதான் எழுகிறது. படத்துக்கு இசையமைத்தவர் பண்டிட் ரவிசங்கர்; பெரும்பகுதி இசை ஒரே இரவில் பதிவானது. அழுகுரலைக் கேட்டிருந்தால் அது சர்பஜயாவின் துயரமாக மட்டும் இருந்திருக்கும். குரலை எடுத்துவிட்டதால் பார்ப்பவர் தத்தமது இழப்பை அங்கே வைத்துக்கொள்கிறார்.

எல்லாவற்றையும் விட என்னை ஆட்கொண்டது நான்காவது காட்சி. அயல்வீட்டு மணிமாலையொன்று காணாமற்போக, துர்காவே திருடினாள் என்று பழி வருகிறது. அவள் மறுக்கிறாள். தாயோ அவமானம் தாங்காமல் அவளது தலைமயிரைப் பிடித்து இழுத்து வெளியே தள்ளுகிறாள். அவள் இறந்த பின், ஊரைவிட்டுப் போகச் சாமான்களை ஒதுக்கும்போது, அப்பு ஒரு பழைய கிண்ணத்துக்குள் அந்த மாலையைக் காண்கிறான். அக்கா எடுத்தது உண்மைதான்! அவன் எவரையும் அழைக்கவில்லை. ஓடிப்போய் அதைக் குளத்தில் வீசுகிறான். பாசி விலகி வழிவிட்டு, பின் மெல்ல மெல்ல மூடிக்கொள்கிறது.

மரணித்தவரின் குறைகளை மறைப்பது எமது மார்க்கம் எமக்குக் கற்றுத்தந்த பண்பு. மையித்து வீட்டில் யாராவது பழைய கதையை எடுத்தால் பெரியவர்கள் உடனே அடக்கிவிடுவதைச் சிறுவயதிலிருந்தே பார்த்து வருகிறோம். வேறொரு சமயத்தவர், வேறொரு மொழியில், நான் பிறப்பதற்கு அரை நூற்றாண்டுக்கு முன் எடுத்த படத்தில் அதே பண்பை ஒரு சிறுவனின் கையில் கண்டபோது உடல் சிலிர்த்தது. துர்கா திருடியவள்தான், ஆனால் பாட்டிக்காகப் பழம் பறித்துக்கொண்டு வந்தவளும் அவளே. வறுமையில் வளரும் ஒரு பெண்பிள்ளை ஒரு மணிமாலைக்கு ஆசைப்பட்டதை ரே கண்டிக்கவும் இல்லை, நியாயப்படுத்தவும் இல்லை. குளத்தை மட்டும் காட்டிவிட்டு நகர்ந்துவிடுகிறார். தீர்ப்பு எங்கள் கையில்.

‘பதேர் பாஞ்சாலி’ 1955 மே மாதம் நியூயோர்க்கில் முதன்முதலாகத் திரையிடப்பட்டு, ஓகஸ்ட் மாதம் கல்கத்தாவில் வெளியானது. அடுத்த ஆண்டு கான் திரைப்பட விழாவில் சிறந்த மனித ஆவணத்துக்கான பரிசைப் பெற்றது. அப்புவின் கதையைத் தொடர்ந்த ‘அபராஜிதோ’ 1957இல் வெனிஸ் விழாவின் தங்கச் சிங்க விருதை வென்றது. 1959இல் ‘அபுர் சன்சார்’ வந்தது.

பின்னர் வந்தவற்றில் பெண்பிள்ளைகள் நாம் பார்க்க வேண்டியது 1963இல் வெளிவந்த ‘மகாநகர்’. குடும்பக் கஷ்டத்துக்காக ஆரதி என்ற இல்லத்தரசி வீடுவீடாகச் சென்று தையல்பின்னல் இயந்திரம் விற்கும் வேலைக்குப் போகிறாள். மாமனார் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. கணவனுக்கும் உள்ளூரச் சங்கடம். முதற் சம்பளத்தைப் பெற்றதும் அவள் புத்தம்புது நோட்டுகளுடன் கண்ணாடி முன் நின்று தன்னையே பார்க்கிறாள். வசனம் இல்லை. ஆனால் சொந்த உழைப்பின் கௌரவம் என்னவென்பதை அந்த முகம் சொல்லிவிடுகிறது. தாயின் உழைப்பில் வளர்ந்த மகனுக்கு அந்த முகம் புதிதாக இருந்திருக்காது என்றே நினைக்கிறேன்.

ரே படம் எடுப்பதோடு நிற்கவில்லை. நின்றுபோன ‘சந்தேஷ்’ சஞ்சிகைக்கு 1961இல் மீண்டும் உயிர் கொடுத்தார். சிறுவர்களுக்காக ஃபெலூடா என்ற துப்பறிவாளரின் கதைகளை எழுதினார். தன் படங்களுக்குத் தானே இசையமைத்தார், விளம்பர ஓவியங்களையும் வரைந்தார். 1983இல் மாரடைப்புக்கு உள்ளானார். 1987இல், முகம் நினைவில்லாத தந்தையைப் பற்றி ஓர் ஆவணப்படம் எடுத்தார். 1992இல் சிறப்பு ஒஸ்கார் விருதை மருத்துவமனைக் கட்டிலில் இருந்தபடியே பெற்றுக்கொண்டார். அதே ஆண்டு இந்தியாவின் அதியுயர் விருதான பாரத ரத்னாவும் கிடைத்தது. ஏப்ரல் 23ஆம் திகதி காலமானார்.

இத்தகைய படங்கள் மெதுவாக நகர்கின்றன என்று என் தோழியர் சிலர் குறைப்படுவதுண்டு. உண்மைதான், அவை மெதுவானவை. பாசி மூடிக்கொள்ளும் அந்தச் சில வினாடிகளைப் பொறுமையோடு பார்க்காதவருக்கு அப்பு என்ன செய்தான் என்பது விளங்காது. இந்த விடுமுறையில் ஓர் இரவைப் பெற்றோருடன் அமர்ந்து அந்தப் படத்துக்காக ஒதுக்கிப் பாருங்கள். பார்த்து முடிந்ததும் உடனே எதுவும் பேச வேண்டாம். ஒரு மாதம் கழித்து, எந்தக் காட்சி மிஞ்சியிருக்கிறது என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளுங்கள்.