ஹைக்கூவைத் தமிழுக்குக் கொண்டுவந்த பாரதி: புதுச்சேரியில் நடந்தது என்ன?

குழந்தைக்கு ஹைக்கூ படப் புத்தகம் வாங்கப் போறீங்களா? 17 அசையில் முடியும் அந்தக் குட்டிக் கவிதையைத் தமிழ் வாசகர்களுக்கு அறிமுகப்படுத்தியவர் நம்ம பாரதியார்தான்.

1882-இல் எட்டயபுரத்தில் பிறந்தவர். 'இந்தியா' இதழால் கைதாகும் நிலை வந்ததும், 1908-இல் பிரெஞ்சு ஆட்சியில் இருந்த புதுச்சேரிக்கு வந்தார். 1910-இல் இதழ் நின்றது. கையில் காசில்லை, வெளியே உளவாளிகள். ஆனாலும் படிப்பதை விடவில்லை.

1916 அக்டோபர் 16 அன்று 'சுதேசமித்திரன்' இதழில் ஜப்பானியக் கவிதை பற்றி எழுதினார். பாஷோவையும் அறிமுகம் செய்தார். கொஞ்சமாகச் சொல்லி, மீதியை வாசகர் மனதுக்கு விடுவது அவரை ஈர்த்தது. கல், மணல், பாசி மட்டுமே வைக்கும் ஜப்பானியத் தோட்டத்திலும் இதே கணக்குதான். 'பாப்பா பாட்டு' பிறந்ததும் புதுச்சேரி வாழ்க்கையில்தான்.

1918 நவம்பரில் எல்லையைத் தாண்டியதும் கடலூர் அருகே கைது. மூன்று வாரத்துக்கு மேல் சிறை. 1921 செப்டம்பரில் மறைந்தபோது வயது 38.

கடலூர் எல்லையை ஒட்டிய பாகூர் கொம்யூனில் இருக்கு குருவிநத்தம். ஊர்ப் பெயரிலேயே குருவி, பாரதி பாடிய பறவை. படப் புத்தகம் கிடைக்கலையா? குழந்தை ஒரு குருவியை வரையட்டும். கீழே மூன்று வரி நீங்க எழுதுங்க.